நாலாயிரத்துக்கு ஈடாக

கொடுத்த கடன் நாலாயிரம்.
திரும்பி வந்தது ஒரு கூண்டு,
உள்ளே இரண்டு லவ் பேர்ட்ஸ்,
பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்கலயம்.
"இவ்வளவுதாண்ணே மிச்சம்" என்று
குருவிக்கடையைப் பூட்டிவிட்டுத்
திருப்பூர் பஸ் ஏறிவிட்டான் சிக்கந்தர்.

அந்த நாலாயிரம்
பாண்டிச்செல்வியின் ஒற்றை வளையல்.
கூண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
பிறகு பதினோரு நாள்
செல்லூரில் எங்கள் மாடி வீட்டில்
பேசியது அவை இரண்டும்தான்.

மூக்கின்மேல் நீலம் என்றால் ஆண், பழுப்பு பெண்.
எதிர்வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரியும்.
மெத்தென்று இருக்கட்டுமே என நான் வைத்த
தேங்காய் நாரையெல்லாம்
ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டது பெண்.
வெறும் மண்தான் வேண்டுமாம் அதற்கு.

பன்னிரண்டாம் நாள், விடிவதற்கு முன்
மாட்டுத்தாவணி லோடுக்குக் கிளம்புகிறேன்,
சுவரைப் பார்த்துச் சொன்னாள்:
"முட்டை ஒண்ணு கெடக்கு."
என்னிடம் சொன்னதாகவே
எடுத்துக்கொண்டேன்.

ஒன்றுவிட்டு ஒருநாள் ஒன்று.
கேஸ் கம்பெனி காலண்டரில்
பால் வராத நாளுக்குச் சுழி,
முட்டை வந்த நாளுக்குப் புள்ளி.
ஐந்து புள்ளி.
நடுவில் வட்டி கட்டும் தேதியும் இருந்தது,
அதற்குக் குறி எதுவும் இல்லை.

பெண் வெளியே வருவதே அபூர்வம்.
ஆண் ஓட்டையருகே தொற்றிக்கொண்டு
தலையை ஆட்டி ஆட்டித்
தின்ற தினையைத் தொண்டையிலிருந்து மீட்டு
அதன் வாயில் வைக்கும்.
"நல்லா பாத்துக்கங்க" என்றாள்.
பார்த்துக்கொண்டேன்.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று
தெருவே வைகைக்குப் போய்விட்டது,
அவள் போகவில்லை.
கல்பாலத்துப் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டதும்
ஆண் கம்பியில் மோதி விழுந்து எழுந்ததாம்,
கலயத்துக்குள் ஓர் இறகும் அசையவில்லையாம்.
நனைத்த சாக்கைக் கூண்டின்மேல் போட்டபடி
இரண்டு தடவை சொன்னாள்.

செல்போன் வெளிச்சத்தில் முதல் குஞ்சு:
உரித்த இறால்தான், சத்தியமாக.
கண் வரவேண்டிய இடத்தில்
இரண்டு கருநீலப் புடைப்பு.
கழுத்துக்குக் கீழே இரை நிறைந்த பை
தோல் வழியே தெரிந்தது.
"அய்ய" என்றாள்.
செல்போனை மட்டும் தரவில்லை.

இரண்டு நாள் தள்ளி இன்னொன்று.
பிறகு இன்னொன்று. பிறகும்.
மூத்ததற்கு முள் முள்ளாய் இறகு கட்டும்போது
நாலாவது அதன் வயிற்றுக்கடியில் நசுங்கிக் கிடந்தது.
ஒரு ராத்திரி அதன் பை காலி.
மஞ்சள்கருவை அவித்துக் கரைத்து
மருந்து உதிர்த்த தீக்குச்சியில்
தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்
மூன்று மணிக்கு நான் வண்டி எடுக்கும்வரை.

பூ மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பினேன்.
கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.
ரோஜாத் தொட்டியில்
மண் புதிதாய் இருந்தது.
எதுவும் கேட்கவில்லை.

ஐந்தாவது பொரியவே இல்லை.
வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெறும் மஞ்சள்.
எறிந்துவிடலாமே என்றேன்.
"அதுவே இன்னும் மேல உக்காந்திருக்கு,
ஒங்களுக்கு என்ன அவசரம்?"

முப்பத்து மூன்றாம் நாள்
ஓட்டையில் ஒரு முகம்,
நெற்றி முழுக்கக் கோடு கோடாய்.
உள்ளே போனது. வந்தது. போனது.
பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல்
ஒரே விழல்.
அதன் முதல் பறத்தல்
இரண்டடி, அதுவும் கீழ்நோக்கி.

ஜோடி முந்நூறு என்றான் எதிர்வீட்டுப் பையன்.
மூன்று குஞ்சுக்கு நானூற்றைம்பது.
"வளையலுக்கு இன்னும்
மூவாயிரத்து ஐந்நூற்றைம்பது, வட்டி தனி"
என்று சொல்லிச் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பைப் பார்த்து
மூன்று மாதம் ஆகியிருந்தது.

இரண்டைக் கொடுத்தாள்.
மூன்றாவதைக் கேட்டபோது
கால் கொஞ்சம் கோணல் என்றாள்.
நான் பார்த்தவரை
கால் நேராகத்தான் இருந்தது.

கலயத்தைக் கழுவி
மொட்டைமாடி வெயிலில் காயவைத்து
மறுபடி கட்டினாள்.
இன்று காலை வண்டியைக் கிளப்புகிறேன்,
மாடியிலிருந்து குரல்
தெரு முழுக்கக் கேட்கும்படி:

"ஒண்ணு!"